மதிலுக்கு மேலே மர்ஹூன்

வண்டிக்குள் ஏற முடியவில்லை என்பதை மர்ஹூன் கடைசியில்தான் கண்டுபிடித்தான்.

அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அவனுடைய பிக்கப் காலையிலிருந்து ஷம்பேயின் பட்டறையில் இரும்புத் தாங்கிகளின் மேல் நின்றது. கழற்றிய சக்கரங்கள் சுவரில் சாய்ந்திருந்தன. ஷம்பே வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, பலூச்சி மொழியில் திட்டி, ஒவ்வொன்றாகக் கழற்றினார். பழைய ஷாக் அப்சார்பர்கள் வெளியே வந்தன. நீளமான புதியவை உள்ளே போயின. பின்பக்கம் அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைகளுக்கும் நடுவில் கனமான இரும்புக் கட்டைகள் உட்கார்ந்தன. பிரேக் குழாய் எட்டவில்லை. அதற்கும் நீளமான குழாய் பெட்டியிலேயே இருந்தது. வாங்கியவர் எதையும் மறக்கவில்லை.

"மச்சான், எதுக்கு இதெல்லாம்?" என்று மர்ஹூன் மறுபடியும் கேட்டான்.

"மணலுக்கு" என்றான் ஹிலால். அவன் மர்ஹூனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணின் அண்ணன். வண்டியை உயர்த்தும் அந்த செட்டைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து, கல்யாணப் பரிசு என்று கொடுத்தவன்.

"நான் மணலுக்குப் போறதே இல்லையே. சந்து சந்தா கேஸ் சிலிண்டர் போடறவன்."

"இனிமே போவே. எங்க ஒட்டகக் கொட்டில் மணலுக்குள்ளதான் இருக்கு. எங்க வீட்டு மாப்பிள்ளை வண்டி புதைஞ்சு நின்னுதுன்னா எங்களுக்குத்தான் அசிங்கம்."

"காத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டா டயர் புதையாதே."

ஹிலால் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தான். வண்டிக்கு அடியிலிருந்து ஷம்பே இருமினார். மர்ஹூனும் அதற்கு மேல் கேட்கவில்லை. பெண் வீட்டிலிருந்து வந்ததைத் திருப்பித் தருவது பெண்ணையே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம் என்று அவன் அம்மா நஸ்ரா முந்தின நாளே சொல்லிவிட்டாள். நிக்காஹ் வருகிற வியாழக்கிழமை.

சக்கரங்களை மாட்டி, தாங்கிகளை எடுத்து, வண்டியை இறக்கினார்கள். வண்டி இறங்கவே இல்லை என்றுதான் தோன்றியது. கதவின் கைப்பிடி மர்ஹூனின் மார்புக்கு வந்தது. அவன் ஒரு காலைத் தூக்கினான். கணுக்கால் வரை தொங்கும் வெள்ளை அங்கி முழங்காலுக்கு மேலே தூக்க விடவில்லை. பக்கவாட்டில் திரும்பித் தூக்கினான். தையல் விட்டுப் போகும் சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

"செட் வண்டிக்கு மட்டும்தான் வந்திருக்கு. உனக்கு வரலை" என்றார் ஷம்பே.

ஹிலால் பின்னாலிருந்து தள்ளிவிட்டான். மர்ஹூன் உள்ளே விழுந்தான்.

மர்ஹூன் அதிகம் பேசமாட்டான். அவன் வேலைக்கும் பேச்சு தேவைப்படவில்லை. பாலைவன ஓரத்து ஊரான பிதியாவின் சந்துகளில் வண்டியை மெதுவாக ஓட்டுவான். ஒவ்வொரு முனையிலும் நிறுத்தி, ஸ்பானரால் சிலிண்டரை இரண்டு தட்டுத் தட்டுவான். அந்தச் சத்தம் கேட்டதும் பெண்கள் அடுப்படியிலிருந்து காலி சிலிண்டரை முற்றத்துக்கு உருட்டி வந்து, கதவை ஒரு சாண் திறந்து, கையை மட்டும் நீட்டுவார்கள். அவன் காலியை எடுத்துக்கொண்டு நிறைந்ததை வைப்பான். இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் மதில். அந்தச் சந்துகளின் பெண்களை அவன் கைகளாகத்தான் அறிவான்.

அதில் ஒரு கை மட்டும், காலி சிலிண்டரோடு ஒரு கோப்பைக் குளிர்ந்த தண்ணீரையும் நீட்டும். கோடையெல்லாம் நீட்டியது. அது ஒட்டகக்கார ஸர்ஹானின் வீடு. அந்தக் கை அவருடைய மகள் ஸுவைனாவுடையது. அம்மாவிடம் அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல அவனுக்கு ஒரு வருடம் ஆனது. சொன்ன மறுநாளே அவள் பெண் கேட்கப் போய்விட்டாள்.

பெண் பார்த்த அன்று ஸுவைனா காப்பி கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தாள். மர்ஹூன் பேரீச்சம்பழத் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பொண்ணு எப்படிடா?" என்று வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்.

"பழம் நல்லா இருந்துது" என்றான்.

முகத்தைப் பார்க்கவில்லையே தவிர, அவள் இல்லாமல் இனி ஒரு கோடையைக் கடக்க முடியாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

செட் மாட்டிய மறுநாள் காலை ஒரு மர முக்காலியைப் போட்டு வண்டியில் ஏறினான். முக்காலியைக் கயிற்றால் கட்டி மேலே இழுத்துக்கொண்டான். அந்தப் பிரச்சினை தீர்ந்தது என்று அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் சந்தின் முனையில் நிறுத்தி, சிலிண்டரைத் தட்டிவிட்டு உள்ளே ஓட்டினான். இடது பக்கம் திரும்பிப் பார்த்தான். மதில் இல்லை. மதில் இருந்தது, அவன் தோளுக்குக் கீழே இருந்தது. அதற்கு அப்பால் முதல் வீட்டு ராயா தலை முழுக்க மருதாணி அப்பிக்கொண்டு, காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு நின்றாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"கேஸ்" என்றான் மர்ஹூன்.

ராயா சிலிண்டரை விட்டுவிட்டு, கையில் கிடைத்த வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே ஓடினாள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

மர்ஹூன் பதறிப்போய்ப் பார்வையை வேறு பக்கம் திருப்பினான். வீட்டின் பின்பக்கம் கோழிக்கூண்டுக்கு அந்தப் புறம் ராயாவின் புருஷன் உபைத் குந்தியிருந்தார். அவர் சிகரெட்டை விட்டுவிட்டதாக ஊருக்கே சொல்லியிருந்தார். இப்போது அவர் வாயில் ஒன்று புகைந்தது.

பார்க்காத மாதிரிப் போயிருக்கலாம். ஆனால் கண்ணில் பட்டவருக்கு ஸலாம் சொல்லாமல் போகிற பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் இல்லை. மர்ஹூனின் வாய் தானாகவே திறந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும், உபைத் அண்ணே."

ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் இருக்க உபைதாலும் முடியவில்லை. "வ அலைக்கும் ஸலாம்" என்று புகையோடு சொன்னார்.

"யார்கிட்ட பேசறீங்க?" என்று வாளிக்குள்ளிருந்து ராயாவின் குரல் வந்தது. "அங்க என்ன புகை?"

அந்தச் சந்தைக் கடப்பதற்குள் மர்ஹூன் இன்னும் பல ஸலாம்களைச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாமே தப்பான இடங்களில். ஜுரம் என்று வேலைக்கு லீவு போட்டவர் தொட்டியில் உட்கார்ந்து குளித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ஆடு ஒன்று, காணோம் என்று தேடப்பட்ட ஆடு, வேறொரு முற்றத்தில் கட்டிக் கிடந்தது. மர்ஹூன் அதற்கும் பழக்கதோஷத்தில் பாதி ஸலாம் சொல்லிவிட்டு நிறுத்தினான்.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது ராயா அம்மாவின் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவன் நுழைந்ததும் துப்பட்டாவை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள்.

"நஸ்ரா அக்கா, உங்க பையன் மேகத்துலயா வியாபாரம் பண்றான்? எங்க வீட்டுக் கொடியில என்ன காயுதுன்னு அவனைக் கேளுங்க, அப்படியே ஒப்பிப்பான்."

"நான் எதையும் பார்க்கலை அக்கா" என்றான் மர்ஹூன்.

"எதையும் பார்க்கலைன்னா கோழிக்கூண்டு எப்படித் தெரிஞ்சுது?"

"அது... சத்தம் கேட்டு..."

"சிகரெட்டுக்கு ஏதுடா சத்தம்?"

ராயா போனதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இது ஸர்ஹான் காதுக்குப் போனா நிக்காஹ் என்ன ஆகும்? எட்டிப் பார்க்கிறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"கழட்டிடறேம்மா."

"பொண்ணு வீட்டுப் பரிசை ஒரே நாள்ல கழட்டுவியா? நல்லா இருக்கு. வியாழக்கிழமை வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ. அதுவரைக்கும் யாரையும் பார்க்காம ஓட்டு."

மர்ஹூன் இரவெல்லாம் யோசித்தான். சிலிண்டரைத் தட்டும் சத்தம் கேட்டுத்தான் பெண்கள் முற்றத்துக்கு வருகிறார்கள். அப்படியானால் தட்டவே கூடாது. சத்தம் இல்லாமல் போய், ஒவ்வொரு வாசலிலும் இறங்கிக் கதவைத் தட்டினால் போதும். யோசனை சரியாகத்தான் பட்டது.

சத்தம் கேட்டால் வருகிறவர்கள் சிலர். சத்தமே கேட்காவிட்டால், யாரும் வரவில்லை என்ற நம்பிக்கையில் முற்றத்திலேயே இருப்பவர்கள் பலர். மறுநாள் அதைத் தெரிந்துகொண்டான். மதிலின் மேல் ஒரு தலை, தொப்பியோடு, சத்தமில்லாமல் மெதுவாக நகர்ந்து போவதைப் பெண்கள் துணி துவைத்துக்கொண்டும் தலை வாரிக்கொண்டும் பார்த்தார்கள்.

"நேத்தாவது தட்டிட்டு வந்தான்" என்று ஒரு வீட்டில் குரல் எழுந்தது. "இன்னைக்குத் திருடன் மாதிரி வர்றான் பாரு."

எங்கிருந்தோ ஒரு செருப்பு பறந்து வந்து வண்டியின் பின்பக்கம் சிலிண்டர்களுக்கு நடுவே விழுந்தது. நல்ல செருப்பு, புதுசு. அதை வைத்துக்கொள்ள மர்ஹூனுக்கு மனம் வரவில்லை. முக்காலியை இறக்கி, தானும் இறங்கி, ஒவ்வொரு வாசலாக நின்று, "இது உங்க வீட்டுச் செருப்பா?" என்று கேட்டான். எல்லாரும் இல்லையென்றார்கள். ஆனால் அவன் மேல் யாரோ செருப்பு வீசினார்கள் என்ற விஷயம் அப்படித்தான் எல்லா வீட்டுக்கும் தெரிந்தது.

அடுத்த நாள் அவன் இருக்கையின் மெத்தையைக் கழற்றிவிட்டான். கீழே இருந்த இரும்புச் சட்டத்தின் மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தான். தலை ஸ்டியரிங்குக்குக் கீழே இறங்கியது. பக்கவாட்டில் மதில் தெரியவில்லை. மனிதர்கள் தெரியவில்லை. வானம் தெரிந்தது. ஒரு பேரீச்சை மரத்தின் உச்சி தெரிந்தால் உபைத் வீடு. பள்ளிவாசல் மினாரா தெரிந்தால் வலது பக்கம் திரும்ப வேண்டும். இரண்டு சந்துகளை இப்படியே முடித்துவிட்டான். யாரும் திட்டவில்லை. ஆளில்லாமல் வண்டி போகிறது என்று ஒரு கிழவர் மட்டும் பிஸ்மில்லா சொல்லி ஒதுங்கி நின்றார்.

மூன்றாவது சந்தின் கடைசி வீடு ஸர்ஹானுடையது. அங்கே வழிகாட்ட மரமும் இல்லை, மினாராவும் இல்லை. மர்ஹூன் மனக்கணக்கில் திரும்பினான்.

சத்தம் பெரிதாக இல்லை. கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, அவசரமில்லாமல் சரிந்தன. மர்ஹூன் எழுந்து பார்த்தபோது ஸர்ஹான் வீட்டு மதிலின் மூலையில் ஓர் ஆடு நுழையும் அளவுக்கு வழி உண்டாகியிருந்தது. அதைச் சரிபார்க்க வந்த மாதிரி உள்ளிருந்து ஓர் ஆடு வெளியே வந்தது.

அதன் பின்னால் ஸர்ஹான் வந்தார். உயரமான மனிதர். முதலில் ஆட்டைப் பார்த்தார். பிறகு மதிலைப் பார்த்தார். கடைசியில் வண்டியின் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"நல்லா இருக்கியா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கேன் மாமா. அல்ஹம்துலில்லாஹ்."

"அம்மா நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க."

"உன் வியாபாரம்?"

"நல்லா போகுது மாமா."

நலம் விசாரிப்பு முழுதாக முடிந்த பிறகுதான் ஸர்ஹான் மதிலைப் பற்றிப் பேசினார். "இதை ஏன் இடிச்சே?"

"தெரியலை மாமா. எதுவுமே தெரியலை. அதான்."

ஊருக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. அன்று மாலை டீக்கடையில், "எட்டிப் பார்த்துப் பத்தலை, பொண்ணு முகம் பார்க்க இடிச்சே வழி பண்ணிட்டான்" என்று உபைத் சொன்னார். கோழிக்கூண்டு விஷயத்தில் அவருக்கு இன்னும் ஆற்றாமை இருந்தது.

இதற்குப் பிறகு அம்மாவே பொறுப்பை எடுத்துக்கொண்டாள். "உன் யோசனை எல்லாம் போதும். நான் சொல்றதைச் செய்" என்று சொல்லிவிட்டு, தையல் மெஷினின் முன் உட்கார்ந்தாள். வீட்டு ஜன்னல்களுக்கு எடுத்ததில் மீந்த துணி இருந்தது. இளஞ்சிவப்பில் பெரிய ரோஜாப்பூக்கள். அதை வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்கு அளவாக வெட்டி, சுருக்கம் வைத்துத் தைத்து, கம்பியில் கோத்துத் தொங்கவிட்டாள். மெத்தை திரும்பவும் போடப்பட்டது. முன்பக்கம் சாலை தெரிந்தது. பக்கத்தில் ரோஜாப்பூ தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை.

"இப்ப எவ வந்து கேக்கறான்னு பார்க்கறேன்" என்றாள் அம்மா.

யாரும் வந்து கேட்கவில்லை. அதுதான் மர்ஹூனுக்கு முதலில் விசித்திரமாக இருந்தது. பெண்கள் கதவை ஒரு சாண் திறந்து, சிலிண்டரை வாங்கிக்கொண்டு, அவனைத் தாண்டி வண்டியின் கதவையே பார்த்தார்கள். ஒருத்தி மெல்லிய குரலில் வண்டியை நோக்கி ஸலாம் சொன்னாள்.

கடைக்காரர்தான் விஷயத்தை உடைத்தார். மர்ஹூன் தனக்கும் அம்மாவுக்குமாக இரண்டு பாட்டில் மோர் எடுத்து வைத்ததும், அவர் பாட்டில்களைப் பார்த்தார், வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"எப்ப ஆச்சு?"

"எது?"

"சும்மா சொல்லுப்பா. எந்த ஊர்ப் பொண்ணு?"

வண்டியில் திரை போட்டால் உள்ளே பெண்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அது ஊரில் குழந்தைக்கும் தெரியும். ரோஜாப்பூத் திரை போட்டால், புதுப் பெண்டாட்டி என்று அர்த்தம்.

"யாரும் இல்லை. ஒரு மோர் அம்மாவுக்கு" என்றான் மர்ஹூன். சொல்லும்போதே அவன் முகம் சிவந்தது. அவன் முகம் எதற்கெடுத்தாலும் சிவக்கும். கடைக்காரருக்கு அது போதுமானதாக இருந்தது.

"அம்மாவுக்குத்தான், அம்மாவுக்குத்தான்" என்று சொல்லி, ஒரு சாக்லேட்டையும் பையில் போட்டார். "இது என் சார்பா, அவங்களுக்கு."

மதியத் தொழுகை முடிவதற்குள் மர்ஹூனின் முதல் மனைவிக்கு ஊரும் பேரும் கிடைத்துவிட்டன. அவள் ஸலாலாவைச் சேர்ந்தவள் என்று சிலர் சொன்னார்கள். இல்லை, மர்ஹூன் போன வருடம் உடம்பு சரியில்லாமல் மஸ்கட் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அமைந்தவள் என்று சிலர் சொன்னார்கள். பகலெல்லாம் வெயிலில் வண்டியிலேயே உட்கார வைத்திருக்கிறானே, பாவம் என்பதில் எல்லாரும் ஒத்துப்போனார்கள்.

ஸர்ஹானின் போன் வந்தபோது மர்ஹூன் எதிர்பார்த்துத்தான் இருந்தான்.

"அஸர் தொழுகைக்கு அப்புறம் வீட்டுக்கு வா" என்றார் அவர். கொஞ்சம் நிறுத்தி, "தனியா வா" என்றார்.

ஸர்ஹான் வீட்டு வாசலில் கொத்தனார் வேலை செய்துகொண்டிருந்தார். இடிந்த மூலை அடைபட்டுவிட்டது. அத்தோடு நிற்காமல் மதில் முழுவதும் மேலே ஒரு வரிசைக் கல் புதிதாக ஏறிக்கொண்டிருந்தது. மர்ஹூன் அதைப் பார்த்துக்கொண்டே முக்காலியைப் போட்டு இறங்கினான். அந்த ஒரு வரிசையும் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டான்.

விருந்தினர் அறையான மஜ்லிஸில் ஸர்ஹான் மட்டும் இருந்தார். ஹிலால் காப்பிக் கூஜாவோடு நின்றான். அவன் மர்ஹூனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வண்டியில வேற யாராவது இருந்தா உள்ள கூப்பிடு" என்றார் ஸர்ஹான். "என்ன விஷயமா இருந்தாலும் வெயில்ல உட்கார வைக்கக் கூடாது. பொம்பளைங்க பக்கம் போய் உக்காரட்டும்."

"யாரும் இல்லை மாமா."

"திரை?"

"அம்மா தெச்சாங்க."

"எதுக்கு?"

"நான் யாரையும் பார்க்கக் கூடாதுன்னு."

ஸர்ஹான் தாடியைத் தடவினார். ஹிலால் சின்னக் கோப்பையில் காப்பி ஊற்றி நீட்டினான். மர்ஹூன் அதை வாங்கி, குடிக்காமல், பாயின் மேல் தனக்கு முன்னால் வைத்தான்.

ஸர்ஹான் அந்தக் கோப்பையைப் பார்த்தார். விருந்தாளி காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால், அவனுக்கு ஒன்று வேண்டும். அதைத் தருவதாகச் சொல்லும் வரை அவன் குடிக்கமாட்டான். மணலில் இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மர்ஹூன் செய்வான் என்று அந்த அறையில் யாரும் எதிர்பார்க்கவில்லை. மர்ஹூனும் எதிர்பார்க்கவில்லை.

"கேளு" என்றார் ஸர்ஹான்.

"உங்க பொண்ணு" என்றான் மர்ஹூன். குரல் அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. உள்ளே எங்கேயோ ஒரு தட்டு விழுந்து உருண்டது.

"அதான் குடுக்கறேன்னு சொல்லியாச்சே."

"இப்ப இல்லைன்னு சொல்லிடாதீங்க மாமா. நான் முகத்தைப் பார்க்கத்தான் வண்டியைத் தூக்கினேன்னு ஊர் சொல்லுது. நான் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்காம இருக்கத்தான் தட்டாம போனேன். பார்க்காம இருக்கத்தான் மெத்தையைக் கழட்டினேன். மதில் இடிஞ்சதும் அதாலதான். பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கும் பார்க்கலை, பழத்தட்டைத்தான் பார்த்தேன். எனக்கு அவங்க குடுத்த தண்ணி போதும். வேற யாரும் என் வண்டியில இல்லை, என் வீட்டிலயும் இல்லை. இருக்கவும் மாட்டாங்க."

இவ்வளவு நீளமாக அவன் தன் வாழ்க்கையில் பேசியதில்லை. முடித்ததும் மூச்சு வாங்கியது.

ஸர்ஹான் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தோள் லேசாகக் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் அவர் சிரிப்பை அடக்குகிறார் என்பது மர்ஹூனுக்குப் புரிந்தது.

"பழத்தட்டையா பார்த்தே?"

"ஆமாம் மாமா."

"சரி. ஒண்ணு மட்டும் சொல்லு. இந்தக் கண்ராவியை உன் வண்டியில மாட்டச் சொன்னது யாரு?"

கூஜாவின் மூக்கிலிருந்து காப்பி பாயில் சொட்டியது. ஹிலால் அதைக் காலால் மறைத்தான்.

"யாரும் சொல்லலை. நானாத்தான் மாட்டினேன்" என்றான் மர்ஹூன்.

"நாளைக்கே கழட்டிடு. வியாழக்கிழமை மனுஷன் உயரத்துல வந்து இறங்கு, நிக்காஹை முடிச்சுடலாம்." ஸர்ஹான் கோப்பையைக் காட்டினார். "இப்பக் குடி. ஆறிப் போச்சு."

மர்ஹூன் குடித்தான். அதைப் போல ஒரு காப்பியை அவன் அதற்கு முன் குடித்ததே இல்லை.

ஹிலால் வாசல் வரை வந்தான். முக்காலியை அவனே எடுத்துப் போட்டான்.

"என்னைக் காட்டிக் குடுக்கலையே மச்சான்."

"விடு. ஆசையாக் குடுத்தே. கழட்டறதுக்கு எனக்குத்தான் கஷ்டமா இருக்கு."

ஹிலால் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மதிலின் மேல் கல் வைத்துக்கொண்டிருந்த கொத்தனாரைப் பார்த்தான். பிறகு வீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ கிளம்பு" என்றான். "எனக்குத்தான் உள்ள போகவே பயமா இருக்கு."

மறுநாள் காலை மர்ஹூன் திரைகளைக் கழற்றி மடித்து அம்மாவிடம் கொடுத்தான். ஸர்ஹான் சொன்னதை அவளிடம் நாலாவது முறையாகச் சொன்னான். அவள் நாலாவது முறையாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைக்காரரிடம் போய்ச் சாக்லேட்டைத் திருப்பிக் கொடுத்தான். அங்கிருந்து நேராக ஷம்பேயின் பட்டறைக்கு ஓட்டினான். சந்துகளில் நேராக முன்னால் மட்டும் பார்த்தான். மதில்களுக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ திட்டினார்கள். இன்று அது அவனுக்கு வாழ்த்து மாதிரிக் கேட்டது.

ஷம்பே ஒரு டிராக்டரின் அடியிலிருந்து வெளியே வந்தார்.

"அண்ணே, செட்டைக் கழட்டிடுங்க" என்றான் மர்ஹூன். "பழைய ஷாக் அப்சார்பரையே மாட்டுங்க. வியாழக்கிழமைக்குள்ள வண்டி கீழ இறங்கியாகணும்."

ஷம்பே கையைத் துடைத்தார். ஜாக்கியை உருட்டி வந்தார். அதை வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, ஏற்றாமல் அப்படியே நின்றார்.

"என்ன அண்ணே?"

"நீங்க ரெண்டு பேரும் முதல்ல ஒரு முடிவுக்கு வாங்க."

"எந்த ரெண்டு பேரு? ஹிலால்கிட்ட நான் பேசிட்டேன்."

"ஹிலாலைக் கேட்டு என்ன பண்றது, அவன் பெட்டியைத் தூக்கிட்டு வந்தவன்" என்றார் ஷம்பே. "நீ கழட்டுங்கறே. இதை வாங்கின அவன் தங்கச்சி, முதல் நாள் உன் முகம் நல்லாத் தெரிஞ்சுது, இப்ப அப்பா மதிலை ஏத்திட்டாரு, இதைவிட உசரமான செட் எப்ப வரும்னு காலையிலேருந்து எனக்குப் போன் போட்டுட்டே இருக்கு."